வளைவில் அப்பிய களிமண்

இப்போதெல்லாம் ஜனங்கள் தங்கள் வண்டிக்கு எது பொருந்தும் என்பதைக்கூட போனைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள். முப்பது வருஷமாகச் சக்கரம் மாற்றும் சவரியப்பன் தன் விரலைத்தான் நம்புவார். சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரோடு வந்த பெனாசிர், பத்தொன்பது இஞ்ச் வீலும் அகல டயரும் கேட்டாள்.

“பதினெட்டுக்கு மேல போனா மட்கார்டுல உரசும்மா.”

“உரசாதுன்னு போன்ல போட்டிருக்கே தாத்தா.”

“உரசலேன்னா நான் இனி ஸ்பேனரையே தொடமாட்டேன்.”

மாட்டி முடித்ததும், டயருக்கு மேலே மட்கார்டு வளைவின் உள்விளிம்பில் ஈரக் களிமண்ணை அப்பினார். டயர் பட்டால் மண்ணில் தடம் விழும். இன்றுவரை அந்த மண் தன்னைக் கைவிட்டதில்லை என்று அவருக்குப் பெருமை. பெனாசிர் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, வேகத்தடையில் நாலு முறை ஏற்றி இறக்கிவிட்டு வந்தாள். அவர் குனிந்து பார்த்தார். மண்ணில் அவருடைய விரல் தடம் மட்டுமே இருந்தது.

“பின்சீட்டுல ரெண்டு ஆளை ஏத்திப் பாரு, தெரியும்.”

“இதுல பின்சீட்டே கிடையாது தாத்தா.”

“அதான் தப்பிச்சுது” என்றார். ஸ்பேனரைத் தோளில் சாய்த்துக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தியபடி அடுத்த வண்டியைப் பார்த்து நடந்தார்.