கையில் ஊற்றாத தண்ணீர்

எனக்குச் சரியாகத்தான் நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. அன்று மழை பெய்தது என்பேன். என் மனைவி எஸ்தர் இல்லை என்பாள். அரசுக்குக் கைரேகை தர மறுத்து ஆறு மாதமாகத் தலைமறைவாக இருந்த அவள் தம்பி சாலமோன் அன்று மத்தியானம் வந்தான். கதவு, நாற்காலி, தம்ளர் எல்லாமே ரேகை படிக்கும் காலம். பதிவில் இல்லாத விரல் பட்டால் காவல் நிலையத்துக்குத் தகவல் போய்விடும். அதனால் நானே கதவைத் திறந்துவிட்டேன்.

"எதையும் தொடமாட்டேன்க்கா. கொஞ்சம் தண்ணி கையில ஊத்து," என்று இரு கைகளையும் குவித்து நீட்டினான்.

எஸ்தர் அந்தக் கைகளையே வெகுநேரம் பார்த்தாள்.

"நம்ம தாத்தாவுக்கு டீக்கடையில இப்படித்தாம்ல ஊத்துனானுவ. எங்க வீட்ல அது நடக்காது. தம்ளரப் பிடி."

"அத்தான், ஒங்க வீட்டம்மா என்னய ஜெயிலுக்கு அனுப்பாம விடமாட்டா போலயே," என்று அவன் சிரித்தான். தம்ளரை வாங்கி ஒரு சொட்டு விடாமல் குடித்தான்.

இருபது நிமிடத்தில் வந்து அழைத்துப் போனார்கள். அவனுக்கு இது சிறையில் நான்காவது வருடம். பத்து விரல்களும் பதிவில் இருக்கின்றன. எங்கள் இருவருக்கும் வேலை போயிற்று. எஸ்தர் வருந்துகிறாளா என்று நான் இதுவரை கேட்டதில்லை.