பச்சைப் புள்ளி

ஊசியில் ஏற்றும் நுண்துகள்கள் கட்டியைத் தேடிப்பிடித்து ஒட்டிக்கொண்டு ஒளிரும். ஒளிரும் இடத்தில் மட்டும்தான் கதிர் பாய்ச்சுவார்கள்; ஒளிராவிட்டால் வைத்தியம் இல்லை. பக்கத்துக் கட்டில் சற்குணத்துக்கு ஒளிர்ந்துவிட்டது. அவர் மனைவி எஸ்தர் செல்போனில் அந்தப் படத்தை வார்டு முழுக்கக் காட்டினாள். இருட்டுக்குள் ஒரு பச்சைப் புள்ளி.

"எப்படி மின்னுது பாருங்கக்கா!"

வளர்மதி எஸ்தரின் சிரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கணவர் தில்லையின் படத்தில் வெறும் இருட்டுதான். அதை டாக்டர் வளர்மதியிடம் மட்டும் சொல்லியிருந்தார்.

"எனக்கு அனுப்பும்மா," என்று எஸ்தரிடம் அந்தப் படத்தை வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் தில்லை கேட்டார்: "நமக்கு வந்துச்சா?"

அவள் போனை நீட்டினாள். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தவர், பக்கத்துக் கட்டிலுக்குக் கேட்காமல் சொன்னார்:

"சற்குணத்தோடதைவிட நம்மளோடது நல்லா மின்னுது. அவங்ககிட்ட காட்டிடாத, வயித்தெரிச்சல் படுவாங்க."