பதினொரு கிலோமீற்றர் கடன்

இன்னும் பதினொரு கிலோமீற்றர் கடன் இருந்தது.

புது மோட்டார் சைக்கிளின் மீற்றர் 989 காட்டியது. ஆயிரம் ஆகும்வரை நாற்பதுக்கு மேல் ஓடக் கூடாது, பின் சீற்றில் ஆள் ஏற்றவும் கூடாது. கராஜ் மேர்வின் சொன்னது. இஞ்சின் புதிது, இறுக்கம், மெல்ல மெல்லத்தான் பழகுமாம்.

அதனால் இரண்டு மாதமாக என் மனைவி அன்னப்பூரணி சந்தைக்கும் கோயிலுக்கும் பஸ்ஸில் போனாள். பஸ்ஸுக்குப் பின்னால் நான் தனியாகப் போனேன்.

சும்மா போனாளா? பஸ் நிற்கும் இடமெல்லாம் சொல்லிக்கொண்டு போனாள்.

"நாள் முழுக்க மில்லுல நெல்லு மூடை தூக்கிற மனுசன். என்னத் தூக்க அவர்ர பைக்குக்கு ஏலாதாம்!"

பெண்கள் சிரிப்பார்கள். நான் ஹெல்மெட்டைக் கழற்றாமல் நிற்பேன்.

எனக்கு மட்டும் ஆசை இல்லையா? ஐம்பது வயதில் லைசன் எடுத்து, மூடை தூக்கிச் சேர்த்த காசில் வண்டி வாங்கியதே அவள் பின்னால் இருந்து என் தோளைப் பிடிக்க வேண்டும் என்றுதான்.

முதல் நாளே பக்கத்து வளவு வேலிக்குள் போய் நின்றேன். புது வண்டி, கிளச் இறுக்கம். அன்னப்பூரணி வெளியே வந்து பார்த்தாள். வேலிக் கம்பியை நிமிர்த்திக் கட்டிவிட்டு உள்ளே போனாள். அடுத்த நாள்தான் மேர்வின் அந்த ஆயிரம் கதையைச் சொன்னான்.

அன்றிலிருந்து மில் விட்டதும், முதுகு எவ்வளவு வலித்தாலும், ஆரையம்பதி வரை போய்த் திரும்புவேன். நாற்பதில்தான். டிரக்டர் என்னை முந்தும். பாண் விற்கிற ஆட்டோ பாட்டைப் போட்டுக்கொண்டு முந்தும். ஒருநாள் அந்த ஆட்டோக்காரன் பக்கத்தில் ஓடிக்கொண்டே, "பாண் வேணுமா அண்ணன்?" என்று கேட்டுவிட்டுப் போனான்.

மீற்றர் 989 காட்டிய அன்று ஞாயிற்றுக்கிழமை. மண்டூரில் அவள் தங்கச்சியின் புது வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள். அவள் பஸ்ஸிலும் நான் வண்டியிலுமாகக் குருமண்வெளித் துறைக்கு வந்து சேர்ந்தோம். வாவிக்கு அந்தக் கரை மண்டூர். ஆளையும் வண்டியையும் ஏற்றி அக்கரை சேர்க்கிற மிதவை, எங்கள் ஊர்ப் பேச்சில் பாதை, புறப்பட நின்றது.

"ஏத்துங்க வினாயகமூர்த்தி அண்ணன், இடம் இரிக்கு," என்றான் பாதைக்காரன்.

"பாதையில ஏறினா மீற்றர் ஓடாது தம்பி. நான் பட்டிருப்புப் பாலத்தால சுத்தி வாறன்."

பாதையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள்.

"பாத்தீங்களா கா," என்றாள் அன்னப்பூரணி, பக்கத்தில் நின்றவளிடம். "பொஞ்சாதி தண்ணியால, பைக் தார் றோட்டால!"

பாலம் கடந்தேன். பழுகாமம் கடந்தேன். இரண்டு பக்கமும் வயல் வட்டை, பச்சை நெல், காற்று. 999 வந்ததும் மூச்சை அடக்கிக்கொண்டேன்.

மூன்று ஒன்பதும் ஒன்றாகப் புரண்டு ஆயிரம் வந்து நின்றது.

கடன் தீர்ந்தது. வாய்க்காலில் கிடந்த எருமைகளுக்கு ஹோர்ன் அடித்துச் சொன்னேன்.

இஞ்சினும் பழகிவிட்டது. ஓடுகிறதா நிற்கிறதா என்று என் காதுக்கே சந்தேகம் வரும் அளவுக்கு அப்படி ஒரு அமைதி.

மண்டூர்த் துறையில் மரத்தடியில், எனக்கு முதுகு காட்டி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தாள் அன்னப்பூரணி. நான் பின்னால் வந்து நின்றது அவளுக்குக் கேட்கவில்லை.

"ஓம் மேர்வின் தம்பி, இண்டைக்கு ஆயிரம் முடியும். இனிச் சாட்டு இல்ல, ஏறத்தான் வேணும். அந்த ஆயிரம் கதைய நான்தான் சொல்லச் சொன்னன் எண்டு மட்டும் அவருக்கிட்டச் சொல்லிராத மனே. வேலிக்குள்ள விட்ட மனுசன், நான் ஏற மாட்டன் எண்டு சொன்னா முகம் வாடிப்போகும்."

மேர்வின் என்னவோ கேட்டான் போல.

"இல்ல, இப்ப நல்லா ஓடுறார். ரெண்டு மாசமா பஸ்ஸுர பின் கண்ணாடியால பாத்துக்கொண்டுதானே வாறன். பயந்தான்... வேலி வந்தாக் கண்ண மூடிக்கொள்ளுவன்."

நான் இஞ்சினை நிறுத்தினேன். காலால் உந்தி உந்தி, சத்தமில்லாமல் வளைவு வரை வண்டியைப் பின்னுக்கு எடுத்தேன். மறுபடி ஸ்டார்ட் செய்து, ஹோர்னை நீளமாக அடித்துக்கொண்டு வந்தேன்.

போன் கைப்பைக்குள் போயிருந்தது. கை இடுப்பில் இருந்தது.

"முடிஞ்சுதோ உங்கட ஆயிரம்?"

"அஞ்சு கூட."

"அப்ப மூடையில்ல, மனிசி ஏறுறன் எண்டு பைக்குக்குச் சொல்லுங்க."

ஏறினாள். என் தோளைப் பிடித்தாள். நான் மூடையைப் பிடிப்பதைவிட இறுக்கமான பிடி.

தங்கச்சி வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பினோம். இரண்டு பக்கமும் வேலி.

கண்ணாடியில் பார்த்தேன். அன்னப்பூரணி கண்ணை இறுக மூடியிருந்தாள்.

இனி எவ்வளவு வேகத்திலும் ஓடலாம். நான் வேக முள்ளை இருபதைத் தாண்ட விடவில்லை.