சுளித்த முகம்

"இன்னும் ஒரு ஜாடியைத் திறந்தீங்கன்னா நான் கத்திடுவேன்," என்றாள் கடைக்காரரிடம்.

கடைக்காரர் அதற்குள் மூடியைத் திருகிவிட்டார்.

திட்டு வாங்க வேண்டிய ஆள் கடைக்காரர் இல்லை என்பது அவளுக்கும் தெரியும். அந்த ஆள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். கழுத்தில் ஒரு பருத்தித் துணியைச் சுற்றிக்கொண்டு, ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி.

அவள் கணவருக்குத் தொண்டையில் கத்தி வைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. குரல் போய்விட்டது. மூச்சு இப்போது கழுத்தில் போட்ட ஓட்டை வழியாகத்தான். எல்லாம் அவர் புகைபிடித்த பாழாய்ப்போன அந்தப் பைப்பால் வந்த வினை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே அவள் அதைத் தன் கையால் குப்பையில் போட்டாள். திரைச்சீலை, தலையணை உறை, அவருடைய கம்பளிச் சட்டை என்று வீட்டையே அலசிக் காயப்போட்டு அந்த நாற்றத்தைத் தலைமுழுகினாள்.

உடம்பு தேறியதும் மகள்தான் டிக்கெட் போட்டு அனுப்பினாள், நாலு இடம் பார்த்துவிட்டு வாருங்கள் என்று. பார்ப்பதற்குக் கோட்டை இருந்தது, ஏரி இருந்தது. மனிதர் அத்தனையையும் விட்டுவிட்டு, சந்து முனையில் இருந்த இந்தக் கடைக்குள் விறுவிறுவென்று நுழைந்துவிட்டார்.

சுவர் முழுக்க மரத்தாலான பைப்புகள். மேஜைமேல் வரிசையாகப் புகையிலை ஜாடிகள்.

அவர் ஒரு ஜாடியைக் காட்டுவார். கடைக்காரர் திறப்பார். அவர் குனிந்து மூக்கை வைப்பார், உதட்டைப் பிதுக்குவார், பிறகு ஜாடியை அவள் முகத்துக்கு நேரே நீட்டுவார். நீட்டிவிட்டு அவளையே பார்ப்பார்.

என்ன நெஞ்சழுத்தம்! அவளிடமே சம்மதம் கேட்கிறாராம்.

ஒன்றில் வெல்ல வாசனை அடித்தது. இன்னொன்றில் காய்ந்த பழ வாசனை. அவள் ஒவ்வொன்றையும் புறங்கையால் தள்ளினாள். அவர் சளைக்காமல் அடுத்ததைக் காட்டினார்.

"பட்டும் புத்தி வரலையா உங்களுக்கு? டாக்டர் சொன்னது காதுலயே ஏறலையா?"

முன்பெல்லாம் அவள் ஒன்று சொன்னால் அவர் ஒன்பது சொல்வார். இப்போது எவ்வளவு கத்தினாலும் திருப்பிக் கத்த ஆளில்லை. பாதி எரிச்சல் அதனால்தான்.

கடைக்காரர் மேல் தட்டிலிருந்து ஒரு பெரிய ஜாடியை இறக்கினார். திறந்த கையோடு முகத்தைத் திருப்பிக்கொண்டு தும்மினார். மேஜைக்கு இந்தப் பக்கம் நின்ற அவளுக்கே கண்ணில் நீர் முட்டியது.

அவர் மட்டும் ஜாடிக்குள் மூக்கை வைத்தபடி அசையாமல் நின்றார்.

"ஐயா பெரிய ஆளுதான். இது மூக்குப்பொடிக்குப் போற சரக்கு. நானே கிட்ட போக மாட்டேன்," என்றார் கடைக்காரர்.

அவள் உற்றுப் பார்த்தாள். தும்மல் இல்லை. கண் கலங்கவில்லை. தண்ணீர்க் குடத்துக்குள் எட்டிப் பார்க்கிறவர் மாதிரி இருந்தார்.

மூச்சு இனிமேல் மூக்கு வழியாகப் போகாது என்று டாக்டர் சொன்னபோது, அவள் மூச்சைப் பற்றித்தான் கவலைப்பட்டாள். மூக்கைப் பற்றி அவளுக்குத் தோன்றவே இல்லை.

அன்றொரு நாள் பால் பொங்கித் தீய்ந்து வீடே நாறியபோது, அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அதற்காக அவரைக் கிழிகிழியென்று கிழித்தாள். எதைச் சமைத்துப் போட்டாலும் குறை சொல்லாமல் சாப்பிட்டார். ஒருவழியாக மனுஷன் திருந்திவிட்டார் என்று மகளிடம் போனில் பெருமையடித்துக்கொண்டாள்.

"எதுவுமே மணக்கலைன்னு ஒரு சைகை காட்ட முடியலையா உங்களால? நான் என்ன மூணாம் மனுஷியா?"

கடைக்காரர் திடுக்கிட்டுப் பின்வாங்கினார். அவளுக்குக் கணவர்மேல் கோபம், பாதியைச் சொல்லிப் பாதியை விட்ட டாக்டர்மேல் கோபம், ஒரே வீட்டில் இருந்துகொண்டு இதைக்கூடக் கவனிக்காத தன்மேல் எல்லாவற்றையும்விடப் பெரிய கோபம்.

அவர் பதிலுக்கு, ஓரத்தில் இருந்த சின்ன ஜாடியைத் தானே எடுத்து, தானே திறந்தார். கரிய புகையிலை. இந்த முறை தன் மூக்கருகே கொண்டுபோகும் நாடகம் இல்லை. நேராக அவள் முகத்துக்குக் கொண்டுவந்தார்.

அவ்வளவுதான். அவள் முகம் தானாகக் கோணியது. மூக்கு சுருங்கி, ஒரு கண் இடுங்கி, வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. கல்யாணமான முதல் வாரத்திலிருந்து, சாயங்காலம் அவர் பைப்பைப் பற்றவைத்தபோதெல்லாம் தவறாமல் காட்டிய அதே முகம்.

அவர் பிடித்த அதே புகையிலை.

அவர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சத்தமே வரவில்லை. கழுத்துத் துணி மட்டும் படபடத்தது. ஜாடியைக் காட்டி, அவள் முகத்தைக் காட்டி, இதுதான் இதுதான் என்று கடைக்காரரைப் பார்த்துத் தலையாட்டினார்.

கடைக்காரர் தராசை இழுத்தார். "எவ்வளவு போடட்டும் ஐயா?"

அவர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். ஜாடியை மறுபடி அவள் பக்கம் நகர்த்திவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

கோட்டையை விட்டு, ஏரியை விட்டு, இந்த முகத்துக்காகவா? வந்த ஆத்திரத்துக்கு அந்த ஜாடியை அவர் தலையிலேயே கவிழ்த்திருப்பாள்.

வெடுக்கென்று பிடுங்கினாள். மூச்சை நன்றாக உள்ளே இழுத்தாள். பிறகு, அவருக்கு நன்றாகத் தெரியும்படி வாசல் வெளிச்சத்துப் பக்கம் திரும்பி நின்று, முகத்தைச் சுளித்தாள்.