பஞ்சு அடைத்த வாய்

பல் டாக்டரின் சாய்வு நாற்காலியில் துணிக்கடைக்காரர் வாயைப் பிளந்தபடி மல்லாந்திருக்கிறார். வாய் நிறையப் பஞ்சு. அதற்குப் பின்னால், வரப்போகும் கூடைப்பந்துப் போட்டிகளைப் பற்றி அவர் சொல்ல வந்ததெல்லாம் இறக்க ஆளில்லாத சரக்காகத் தேங்கி நிற்கிறது. தான் படித்த கல்லூரிக்குப் பரம எதிரியான கல்லூரியில் படித்தவர் இந்த டாக்டர் என்பது சுவரில் தொங்கும் அணிப் படத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அதற்குள் ஊசி போட்டாகிவிட்டது. "இந்த வருசம் உங்க காலேஜ் முதல் சுற்றையே தாண்டாது முதலாளி. புதுசா சேர்த்திருக்கீங்களே ஒரு நெட்டையன், அவன் குனிஞ்சு ஷூ கயிறு கட்டி நிமிர்றதுக்குள்ள நாங்க நாலு கூடை போட்டுடுவோம்," என்கிறார் டாக்டர், ட்ரில்லைச் சுழலவிட்டபடி. விளக்கு வெளிச்சத்தில் கண் கூசுகிறது. உறிஞ்சுகுழாய் எச்சிலோடு பதிலையும் சேர்த்து இழுத்துக்கொள்கிறது. பேரத்தில் விட்டுக்கொடுத்துப் பழக்கமில்லாத மனிதர்; முதலிடம் எங்களுக்கே என்று ஒற்றை விரலை உயர்த்துகிறார். "ஒண்ணில்ல அண்ணே, ரெண்டு பல்லு சொத்தை," என்கிறாள் பக்கத்தில் நிற்கும் நர்ஸ். விரல் மடங்குகிறது, காது சிவக்கிறது. ஒருவழியாகப் பஞ்சு வெளியே வருகிறது. கொப்பளிக்க நீட்டிய குவளையைத் தள்ளிவிட்டு நிமிர்ந்து உட்காருகிறார். கல்லூரியின் மானம் மொத்தமும் இப்போது மரத்துப்போன அந்த நாக்கின் நுனியில்தான் நிற்கிறது. 'நாங்க ஜெயிப்போம்' என்று முழங்கத்தான் வாயைத் திறக்கிறார். அறை அதிர வெளியே வருவதோ, "நாங்க தேய்ப்போம்!" டாக்டரின் முகம் மலர்கிறது. "ரொம்ப சந்தோசம் முதலாளி. காலையில ஒரு தடவை, ராத்திரி ஒரு தடவை, மறக்காம தேய்ங்க."