பழைய பதிப்பு

"இனிமே 'கம்ப்யூட்டர் ஓடுது சார்'னு சொல்லிட்டு யாரும் சீட்டை விட்டு எழுந்து போக முடியாது!"

நிர்வாக அதிகாரி இப்படிச் சொன்னதும் அறையே சிரித்தது. அவர் சிரித்தால் எல்லோரும் சிரிப்பது அந்த ஆராய்ச்சி நிலையத்தின் எழுதப்படாத விதி போலிருக்கிறது.

நானும் சிரித்தேன். சாஃப்ட்வேர் விற்க வந்தவன், சிரிக்காமல் முடியுமா?

மைக்ராஸ்கோப்பில் எடுத்த படங்களில் செல்களை எண்ணித் தருகிற சாஃப்ட்வேர் எங்களுடையது. பழைய பதிப்பு ஒரு கட்டுப் படங்களை எண்ணி முடிக்க ஒரு மணி நேரம் முக்கி முனகும். புதிய பதிப்பு காபி ஆறுவதற்குள் முடித்துவிடும். மனித குலத்துக்கு நேரத்தை மிச்சம் பிடித்துத் தரவே எங்கள் கம்பெனி அவதாரம் எடுத்திருக்கிறது என்கிற அளவுக்குப் பேசி முடித்தேன்.

ஒரே கைதட்டல். இரண்டு பேர் மட்டும் தட்டவில்லை.

ஒருத்தி, ஓரத்து சீட்டில் இருந்த இளம்பெண். அந்தப் படங்களை எண்ணுவதுதான் அவள் வேலையே. முகம் செத்துப் போயிருந்தது.

"சார்... பழசும் கூடவே இருக்குமா?"

"எதுக்கும்மா? லிஃப்ட் வந்தப்புறமும் படியேறணும்னு வேண்டுதலா?" என்றேன். மறுபடி சிரிப்பு. அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

இன்னொருவர் ஆய்வகத் தலைவர். குற்றம் கண்டுபிடிப்பதில் மன்னராம். 'பூதக்கண்ணாடி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

"எனக்கு இதுல நம்பிக்கை இல்லை. அந்தப் பொண்ணு கம்ப்யூட்டர்ல பழசே இருக்கட்டும். காலைல ஒரு கட்டு, மத்தியானம் ஒரு கட்டு. எவ்வளவு நேரமானாலும் அதுலயே ஓடட்டும்."

"சார், இது எத்தனை வேகம்னு பார்த்தீங்கள்ல?"

"வேகமா தப்பு பண்றதுக்கு எங்ககிட்டயே நிறைய ஆள் இருக்காங்க, தம்பி."

நிர்வாக அதிகாரி என் காதருகே குனிந்தார். "சரியான பழைய பஞ்சாங்கம். ஆராய்ச்சி விஷயம், நான் தலையிட முடியாது. விடுங்க."

மற்ற கம்ப்யூட்டர்களில் புதுசை ஏற்ற ஆரம்பித்தேன். பக்கத்து சீட்டுக்காரர் கிசுகிசுத்தார்.

"பாவம் சார் அந்தப் பொண்ணு. பிரசவ லீவு முடிஞ்சு இப்பதான் வந்திருக்கு. அதுகிட்டதான் இவரு வீரத்தைக் காட்டணுமா?"

எனக்கும் அப்படித்தான் பட்டது. பச்சைப் பிள்ளைக்காரியைப் போட்டுப் பாடாய்ப் படுத்துகிற ஆள் எல்லாம் விஞ்ஞானியாம்!

வேலை முடிந்து கையெழுத்து வாங்க பூதக்கண்ணாடியின் அறைக்குப் போனேன். ஆள் இல்லை. சரி, இவருடைய கம்ப்யூட்டரையும் பார்த்துவிடுவோம் என்று மவுஸைத் தொட்டேன்.

திரையில் எங்கள் புதிய பதிப்பு! கம்பெனி இலவசமாக அனுப்பிய சோதனைப் பிரதி. மேலே அந்தப் பெண்ணின் பெயர்; அவள் பழசில் ஓட்டிய அதே படங்கள். ஒன்று விடாமல் எண்ணி முடித்திருந்தது.

தனக்கு மட்டும் லிஃப்ட், அவளுக்குப் படிக்கட்டு!

கதவைத் திறந்துகொண்டு அவரே வந்தார். கையெழுத்து வாங்கவேண்டிய ஆள் என்பதெல்லாம் மறந்துபோயிற்று.

"இதுல நம்பிக்கை இல்லைன்னீங்களே சார்! அப்ப இது என்ன?"

"போன வாரமே சோதிச்சுப் பார்த்துட்டேன். ஒரு பிழை இல்லை. பிரமாதமா பண்ணியிருக்கீங்க."

"அப்புறம் எதுக்கு சார் அந்தப் பொண்ணைப் பழசுல போட்டு வாட்டறீங்க?"

அவர் ஜன்னல் திரையை விலக்கினார்.

கீழே, வண்டிகள் நிறுத்துகிற இடத்துக்குப் பின்னால் ஒரு மர பெஞ்ச். அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் துணிக்கு வெளியே இரண்டு பிஞ்சுக் கால்கள் உதைத்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் ஒரு வயசான அம்மா குடையை விரித்து மறைப்பாகப் பிடித்திருந்தார்.

"அவளோட மாமியார். தினமும் ரெண்டு வேளை பஸ் ஏறிக் குழந்தையைத் தூக்கிட்டு வர்றாங்க. அது புட்டிப்பால் குடிக்கவே மாட்டேங்குதாம்."

"நிர்வாகத்துல அனுமதி கேட்கலாமே, சார்?"

"கேட்டேன். கம்ப்யூட்டர் ஓடும்போது மட்டும்தான் சீட்டை விட்டுப் போகலாம், அதுதான் விதின்னுட்டாங்க. வேலையை விட்டுடறேன் சார்னு இதே இடத்துல நின்னு அழுதா. அந்தக் கிழட்டு சாஃப்ட்வேர்தான் இதுவரைக்கும் அவ வேலையைக் காப்பாத்திக்கிட்டு இருந்துச்சு. நீங்க வந்து வேகம் வேகம்னு கூவறீங்க."

அரைமணி நேரம் மூச்சு விடாமல் பேசியவன், கையெழுத்துத் தாளை மட்டும் நீட்டினேன்.

வாங்கிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

"அடுத்த பதிப்பு எப்ப தம்பி?"

"அடுத்த வருஷம் சார். இதைவிட வேகமா..."

"அதுல மெதுவா ஓடறதுக்கும் ஒரு பட்டன் வைங்க. எங்க பொண்ணுங்க பிள்ளை பெத்துக்கிறதை நிறுத்தப்போறதில்லை."