விடுபட்ட தெரு

"எம்புள்ளையக் கொன்னவன் நீதான்யா!"

ஈஸ்வரன் அண்ணன் சுகாதார ஆய்வாளர் மீரான் சாரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டார். அவர் மகன் பிரபு டெங்குவில் போய் அன்றைக்கு மூணாம் நாள். புகை மருந்து அடிக்கிற மிஷினோடு நான் சாருக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"டெங்கு வந்த தெருவையெல்லாம் ஊரே பாக்குற மாதிரி போன்ல போடுறீக. எங்க தெரு ஏன்யா அதுல இல்ல? தெரிஞ்சிருந்தா தொட்டித் தண்ணியக் கொட்டியிருப்பேன். கொசுவலை கட்டியிருப்பேன். எம்புள்ள இருந்திருப்பான்ல?"

"என் தப்புதாண்ணே. நான்தான் விட்டுட்டேன்."

அட, ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசக் கூடாதா மனுஷன்?

"சம்பளம் மட்டும் சுளையா வாங்குறீகள்ல?" என்று பக்கத்து வீட்டுக்காரி காறித் துப்பினாள். உள்ளே பையனின் அம்மா மணிமேகலை சுவரில் முட்டிக்கொண்டு அழுதாள். மகள் ஜீவிதா அவளை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கலெக்டர்ட்ட மனு குடுக்கப் போறேன். உன் வேலை போகாம விடமாட்டேன்!"

"குடுங்கண்ணே."

எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. தெருமுக்கு திரும்பினதும் கேட்டே விட்டேன்.

"கிறுக்குப் பிடிச்சிருக்கா சார் உங்களுக்கு? லேப்காரங்க சொன்னாத்தானே நாம போட முடியும்? ரெண்டு பொம்பளப் புள்ளைகள வச்சிருக்கீக. வேலை போனா எங்க போய் நிப்பீக?"

"லேப்ல சொன்னாங்க பேச்சிமுத்து. வடமதுரைன்னு சொன்னாங்க. அந்த ஊர்ல புகையும் அடிச்சாங்க."

"அங்க யாருக்குக் காய்ச்சல்?"

"யாருக்கும் இல்ல. மொதல்ல காய்ச்சல் வந்தது ஜீவிதாவுக்கு, இந்த வீட்லதான். மறு வாரம் பொண்ணு பாக்க வர்றதா இருந்துச்சு. சீக்குக்காரப் பொண்ணுன்னு பேராயிருமேன்னு மணிமேகலை லேப்ல வடமதுரையில இருக்குற தன் அம்மா வீட்டு விலாசத்தக் குடுத்திருச்சு. வீட்ல எல்லார்ட்டயும் சாதாக் காய்ச்சல்னு சொல்லிருச்சு. வடமதுரை ஆய்வாளர் அந்த வீட்டுக்குப் போய் விசாரிச்சிட்டு எனக்கு போன் போட்டாரு. அதுக்குள்ள பிரபுவை ஆஸ்பத்திரில சேத்தாச்சு."

"அடப்பாவமே! அதை அங்கேயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே சார்?"

சார் பிய்ந்துபோன பட்டன் இடத்தைக் கையால் பொத்திக்கொண்டார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

"சொல்லலாம்டா. தன்னைக் கட்டிக் குடுக்கணும்னு மறைச்சதுலதான் தம்பி செத்தான்னு தெரிஞ்சா, ஜீவிதா நாளைக்கு உயிரோட இருக்குமா?"